கணக்கைப் பலகையில் எழுதுங்கள்: போடி நகர்மன்றத்தாருக்கு ஒரு திறந்த மடல்

போடிநாயக்கனூர் நகர்மன்ற உறுப்பினர்கள் 33 பேருக்கும்,

ஆணையருக்கு மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை பீரோவில் வைத்திருக்கலாம். தலைவரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். உங்கள் எல்லாருக்கும் சேர்த்து, ஊரறிய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரி 19 அன்று நாங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது வார்டுக்கு ஒருவராக உங்கள் 33 பேருக்குத்தான். தலைவரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். ஆகவே கேட்பதும் உங்களிடம்தான்.

அந்த ஓட்டுக்காக இந்த ஊர் காத்திருந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2011-இல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. அந்த மாதமே நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை, பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர் நிர்வாகம். குழாயில் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் வாசலில் போய்க் கூப்பிட வார்டில் ஓர் ஆள் இல்லை. 2022 மார்ச் 2 அன்று நீங்கள் பதவியேற்றபோது ஊருக்குக் கிடைத்தது அந்த ஆள்தான். 2027 மார்ச் தொடக்கத்தில் உங்கள் ஐந்தாண்டு முடிகிறது. சாதனை மலர் அச்சடித்து வீடுவீடாகக் கொடுப்பதற்கு முன்னால், அதில் எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்று வரி கட்டுகிற ஒருவன் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில், எதை எழுதக் கூடாது என்பது.

ரயிலை எழுதாதீர்கள். 1928-இல் வந்த மீட்டர் கேஜ் பாதையில் வண்டி 2010 டிசம்பர் கடைசியில் நின்றது. அகலப் பாதையாக மாறி, 2023 ஜூன் 15 அன்று சென்னையிலிருந்து போடிக்கே நேரடி ரயில் வர ஏறத்தாழப் பன்னிரண்டரை ஆண்டு பிடித்தது. ஊரே ஸ்டேஷனில் திரண்டு நின்று வரவேற்றதில் தப்பில்லை. ஆனால் அது ரயில்வேயின் வேலை. போடிமெட்டிலிருந்து மூணாறுக்கு அகலமாகிவிட்ட சாலை தேசிய நெடுஞ்சாலைத் துறையின் வேலை. ஏலக்காய் மின்னணு ஏலம் ஸ்பைசஸ் போர்டின் வேலை. க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாநில அரசின் வேலை. பெரிய பெயர்களுக்கும் இந்தத் தொகுதியில் பஞ்சமில்லை. 1989-இல் ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது போடியிலிருந்துதான். 2011 முதல் தொடர்ந்து மூன்று தேர்தல்களில் இங்கே வென்ற ஓ. பன்னீர்செல்வம், போடியின் எம்.எல்.ஏ.வாக இருந்தபோதே இரண்டு முறை முதலமைச்சராக இருந்தார். இதையெல்லாம் ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். நகராட்சியின் முன்னேற்றக் கணக்கில் சேர்க்க முடியாது.

உங்கள் கணக்கு வேறு. குடிநீர், சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, வார்டுச் சாலை, சந்தை, பஸ் ஸ்டாண்டு, பொதுக் கழிப்பறை, மயானம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், நகராட்சிப் பள்ளி. அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கென 18 இனங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுகூட ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ள வாகானது அல்ல. தூர்வாரிய சாக்கடைக்குக் கல்வெட்டு வைக்க முடியாது; ஆறு மாதத்தில் மறுபடி தூர்வார வேண்டும். உள்ளாட்சி வேலையின் சுபாவமே அதுதான். ஒரு நாள் செய்து முடித்துவிட்டுப் போகிற வேலை அல்ல, தினமும் செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலை. அதனால் ‘இத்தனை கோடியில் இத்தனை பணிகள்’ என்ற பட்டியல் எங்களுக்கு எதையும் சொல்வதில்லை. எங்கள் தெருவில் நேற்று என்ன நடந்தது, இன்று என்ன நடக்கிறது என்பதே எங்களுக்கு வேண்டியது.

அதை எப்படிச் சொல்வது என்பதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். நம் ஊர் ஏலக்காய் ஏல மையத்துக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். உங்களில் சிலருக்கு அது தினசரி வேலையாகவே இருக்கும். ஒரு விவசாயி கொண்டுவந்த காய்க்கு ஒரு லாட் எண். அந்த லாட்டில் எத்தனை கிலோ என்ற கணக்கு. வியாபாரிகள் ஒவ்வொருவர் மேஜைக்கும் அந்த லாட்டின் மாதிரி வருகிறது. தட்டில் கொட்டி, விரலால் பரப்பி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, உடைத்து வாசம் பார்த்து, முன்னால் இருக்கும் கணினியில் விலையைத் தட்டுகிறார்கள். கேட்ட விலை திரையில் எல்லாருக்கும் தெரிகிறது. வந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்பது அன்றன்றைக்கே வெளியாகிவிடுகிறது. வண்டன்மேட்டில் இருக்கிற விவசாயிக்கும் தெரியும், டெல்லியில் இருக்கிற வியாபாரிக்கும் தெரியும். ஏலத்தில் மனஸ்தாபம் வரும், விலை விழும், திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவோம். ஆனால் என் காய்க்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் யாரும் திரும்புவதில்லை.

நகராட்சி வேலைக்கும் அதே முறைதான் வேண்டும். வார்டு எண், வேலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர், தொடங்கிய தேதி, முடிக்க வேண்டிய தேதி, முடிந்த தேதி. ஏழே ஏழு கட்டம். இதை இணையத்தில் எங்கோ ஒரு மூலையில் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று சொல்லாதீர்கள். வார்டில் எல்லாரும் கடந்து போகிற இடத்தில், ரேஷன் கடைச் சுவரிலோ பால்வாடிச் சுவரிலோ கரும்பலகை அடித்து எழுதுங்கள். இது நான் கேட்கிற சலுகை அல்ல. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், யாரும் மனுப் போடாமலேயே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவை என்று 4-ஆவது பிரிவில் ஒரு நீண்ட பட்டியலே கொடுத்திருக்கிறது.

கணக்குக் கேட்கும் உரிமை எங்களுக்கு இன்னொரு வகையிலும் கூடியிருக்கிறது. நீங்கள் பதவிக்கு வந்த அடுத்த மாதமே, 2022 ஏப்ரலில், மாநில அரசு சொத்து வரியை உயர்த்தியது. நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. முடிவு கோட்டையில் எடுத்தது, தீர்மானம் போட்டது மன்றங்கள், கட்டியது நாங்கள். கட்டியதைப் பற்றிப் புலம்ப நான் வரவில்லை. பல ஆண்டு வரி ஏறாத ஊரில் சாக்கடை தூர்வாரவும் காசு இருக்காது என்பது தெரிந்ததுதான். கூடுதலாக வந்த ரூபாய் எந்த வேலைக்குப் போனது என்று வார்டுவாரியாகச் சொல்லுங்கள், அது போதும்.

இனி, எதை எழுத வேண்டும் என்பது. மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். மூன்றும் மலையிலிருந்து தொடங்குகின்றன. போடி மலையை நம்பி இருக்கிற ஊர். ஆனால் நம் நகராட்சிக் கூட்டங்களின் பேச்சு நகர எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது.

முதல் விஷயம் தண்ணீர். குரங்கணி, டாப் ஸ்டேஷன் மலைகளில் பெய்கிற மழை கொட்டகுடி ஆறாக இறங்கி வருகிறது. அந்த ஆறுதான் நம் ஊரின் குடிநீர். அணைப்பிள்ளையார் தடுப்பணையில் தண்ணீர் விழுந்தால் குடும்பத்தோடு குளிக்கப் போகிறோம், வற்றினால் முனகுகிறோம். இடையில் நடப்பது எதுவும் நமக்குத் தெரிவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் ஊரில் 75,675 பேர். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், இல்லாத ஊரில் 70 லிட்டர் என்று மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு அளவு வைத்திருந்தது. பழைய மக்கள்தொகையையே வைத்துப் பெருக்கினாலும் ஒரு நாளைக்குச் சுமார் 53 லட்சம் லிட்டரிலிருந்து ஒரு கோடி லிட்டருக்குச் சற்று மேல் வரை வேண்டும். நேற்று எவ்வளவு எடுத்தோம்? எவ்வளவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது? கடைசிக் குழாயில் குளோரின் இருந்ததா? குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சோதிக்கச் சின்னக் குப்பியும் இரண்டு சொட்டு மருந்தும் போதும். திருமலாபுரத்தில் ஒரு வீடு, குலாளர்பாளையத்தில் ஒரு வீடு, சுப்புராஜ் நகரில் ஒரு வீடு என்று வாரம் ஒரு முறை சோதித்து எண்ணைப் பலகையில் எழுதுங்கள். தொட்டி கட்டிய செய்தியைவிட அந்த எண் எங்களுக்கு உசத்தி.

குடிக்கிற தண்ணீர் மேலிருந்து வருகிறது என்றால், நாம் கழிக்கிற தண்ணீர் கீழே போகிறது. ஆறு நம்மைத் தாண்டித் தேனி பக்கம் போய் வைகையோடு சேர்கிறது. வைகை அணைக்குப் போகிற தண்ணீரில் நம் பங்கும் உண்டு. மதுரை வரைக்கும் அதைக் குடிக்கிறார்கள். நம் ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் எத்தனை இடத்தில் சாக்கடை சேருகிறது என்ற வரைபடம் ஒவ்வொரு மன்ற உறுப்பினர் கையிலும் இருக்க வேண்டும். பங்காருசாமி கண்மாயைப் பற்றிப் பேசும்போது கரையையும் மடையையும் மட்டும் பேசினால் போதாது. அதில் வந்து விழுவது என்ன என்பதையும் பேச வேண்டும்.

இரண்டாவது விஷயம், ஜீப் ஏறுகிறவர்கள்.

ஊர் கண் விழிப்பதற்கு முன்னால் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. தூக்குவாளியில் சோறு, இடுப்பில் சுற்றிய பழைய சட்டை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். செடிக்கு அடியில் குனிந்து, தரையோடு படர்ந்த சரத்தில் முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்கிற வேலை. அதே செடிக்கு நாற்பது நாள் கழித்து மறுபடி வர வேண்டும். அட்டை ஏறும், முதுகு பிடிக்கும். இருட்டுகிற நேரத்தில் திரும்பி இறங்குவார்கள். அவர்கள் கையால் எடுத்த காய்தான் நம் ஊர் ஏலத்தில் லாட்டாக வந்து நிற்கிறது. அவர்கள் கூலிதான் நம் கடைத்தெருவில் செலவாகிறது.

தோட்டத்தில் அவர்களுக்கு என்ன வசதி வேண்டும் என்று சட்டங்கள் உண்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே பிள்ளைக் காப்பகமும் மருத்துவ வசதியும் பேசியது. ஆனால் ஏலத்தோட்டங்களில் நிறைய சின்னத் தோட்டங்கள். சட்டத்தின் அளவுகோலுக்குள் வராதவை. தோட்டம் இருப்பதோ வேறு மாநிலத்தில். அதனால் அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது அவள் வீடும், அவள் வார்டும், நீங்களும்தான்.

இந்த இடத்தில் உங்கள் சேவைகளின் நேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குப்பை வண்டி காலையில் வருகிறது. ஜீப் ஏறியவள் வீடு அதற்கு முன்பே பூட்டியாகிவிட்டது. வீட்டில் ஆளில்லை என்றால் பிரித்து வைத்த குப்பையும் பிரிக்காத குப்பையும் தெருமுனையில்தான் விழும். பகலில் குழாயில் தண்ணீர் விட்டால் பிடிக்க ஆள் வேண்டும். வரி வசூல் மையமும் சான்றிதழ் கொடுக்கிற ஜன்னலும் திறந்திருக்கும் நேரத்தில் அவள் மலையில் இருக்கிறாள். பிறப்புச் சான்றிதழ் வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஒவ்வொரு சேவையும் நன்றாகவே நடந்தாலும், அது நடக்கிற நேரம் தவறாக இருந்தால் ஊரில் பாதிப் பேருக்கு அது நடக்காததற்குச் சமம். இதைச் சரிசெய்ய புதுத் திட்டமும் கோடிகளும் தேவையில்லை. ஜீப் ஏறுகிறவர்கள் அதிகமுள்ள வார்டுகளுக்கு மாலையில் ஒரு குப்பைச் சுற்று. இரவு எட்டு மணிவரை ஒரு நாள், ஞாயிறு காலை ஒரு நாள் திறக்கிற ஜன்னல். ஜீப் நிற்கும் இடங்களில் விடியுமுன்பே எரிகிற விளக்கு, பூட்டாத கழிப்பறை, குடிக்கத் தண்ணீர். இதற்கு ஒரு மன்றத் தீர்மானம் போதும்.

நேரம் சரியாக அமைந்தால் ஒரு திட்டம் எப்படிப் பயன்படும் என்பதற்குக் கண்முன்னே சாட்சி இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவுத் திட்டம். இருட்டில் ஜீப் ஏறும் தாய்க்கு அதன் அருமை தெரியும். பிள்ளை பசியோடு பள்ளிக்கூடம் போகுமோ என்ற கவலை அவளுக்கு மலையேறும்போது இல்லை. மாநில அரசின் திட்டம்தான், ஆனால் நகராட்சிப் பள்ளியில் உப்புமா சூடாக, நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்பது வார்டு உறுப்பினரின் காலைக் கடமையாக இருக்கலாம். படம் எடுக்காமல் போய்ப் பாருங்கள்.

மூன்றாவது விஷயம் மலைச்சரிவின் ஊர்கள். ‘அது நகராட்சி எல்லையில் வராதே’ என்று உடனே சொல்வீர்கள். உண்மை. கொட்டகுடி, அகமலை ஊராட்சிகளின் மலைக்கிராமங்கள் உங்கள் எல்லையில் வரா. ஆனால் நம் குடிநீர் பிறக்கிற இடம் அவர்கள் வாசல். அவர்கள் காப்பிக் கொட்டை வந்து இறங்குவது நம் சந்தை. பழங்குடிகளான முதுவாக்குடி முதுவரும் சிறைக்காட்டுப் பளியரும் உடம்புக்கு முடியவில்லை என்றால் வருவது போடி அரசு மருத்துவமனைக்கு. எல்லை காகிதத்தில் இருக்கிறது. வாழ்க்கை ஒன்றாகத்தான் இருக்கிறது.

அந்த ஊர்களின் நிலையைப் பாருங்கள். கொழுக்குமலை தமிழ்நாட்டு மண், தேனி மாவட்டம். ஆனால் ஜீப்பில் போக வேண்டும் என்றால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். மூணாறுத் தேயிலை நூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கியது. அங்கிருந்து வண்டியில் போடிக்கு வந்தது. 1924 வெள்ளம், மேலே டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுவந்த குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போனதோடு அந்தக் காலத்தின் பெருமை குறைந்தது. தேயிலைப் பெட்டிக்கு அப்போதே வழி இருந்தது. இன்றும் சாலை இல்லாத மலைக்கிராமங்களில் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் ஏறிப் போகும், பத்திரிகையில் படமும் வரும். ஓட்டு இறங்கி வந்த பிறகு அந்தப் பாதையை யாரும் நினைப்பதில்லை.

‘வனத்துறை விடாது’ என்பது பழகிப்போன பதில். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளி, அங்கன்வாடி, மருத்துவமனை, ரேஷன் கடை, குடிநீர், மின்கம்பி, சாலை என்று 13 வகைப் பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் போகாமல், வன நிலத்தைக் கொடுக்கலாம். அதற்கு முதல் நிபந்தனை கிராம சபையின் பரிந்துரை. காட்டைக் கிழித்து நெடுஞ்சாலை போடச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் எவ்வளவு தூரம் வரமுடியுமோ அவ்வளவு தூரம் ஒரு பாதை. கிராம சபைக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. ஆனால் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த நம் மாவட்டத்துக் கிராம ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. 2016-க்குப் பிறகு நகரம் பட்ட பாட்டை மலை பட்டது. காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்வது இரண்டு பேருக்கும் பொதுதான்.

மலைக்காரர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று கேட்க நேர்ந்தால் 2018 மார்ச் 11-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்த 23 பேர் உயிரிழந்தார்கள். இருட்டில், புகையில், பாதை தெரியாத சரிவில் முதலில் ஏறிப் போனவர்களில் அந்த ஊர் மக்களும் இருந்தார்கள். போர்வையில் கிடத்தித் தூக்கி இறக்கினார்கள். அந்தப் பாதைகளை அறிந்தவர்கள் அவர்கள்தான். அடுத்த ஆபத்து நெருப்பாக வந்தாலும், போடிமெட்டில் பாறை உருண்டு வழி அடைபட்டாலும், கூப்பிடப்போவது அவர்களைத்தான்.

இதே மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் ஜீப்பில் போய்வருகிற நம் பெண்கள் பார்க்கிறார்கள். கேரளம் 1996-இல் மக்கள் திட்டம் என்ற பெயரில் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. எந்த வேலை முதலில் என்று வார்டு மக்கள் உட்கார்ந்து பேசினார்கள். அங்கேயும் கோஷ்டி உண்டு, கட்சிச் சண்டை உண்டு, அரைகுறை வேலை உண்டு. ஆனால் உள்ளாட்சித் தேர்தல் 2010, 2015, 2020, 2025 என்று முறையாக நடக்கிறது. நமக்கும் வழி இல்லாமல் இல்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடின. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு அது. அந்தச் சபையை எங்கள் தெருவில், எங்களுக்கு முன்கூட்டியே சொல்லி, ஞாயிற்றுக்கிழமையில் கூட்டுங்கள். பகல் பதினொரு மணிக்குக் கூட்டினால் வருபவர்கள் ஓய்வுபெற்றவர்கள் மட்டும்தான்.

மன்றத்தின் பெண் உறுப்பினர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. சட்டம் உள்ளாட்சியில் பாதி இடத்தை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஜீப் ஏறுகிறவளின் நேரம், குழாயடி, கழிப்பறை, பள்ளிக்கூட உப்புமா எல்லாம் உங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மன்றத்தில் நீங்களே எழுந்து பேசுங்கள் அம்மா. வீட்டு ஆண்கள் வாசலில் காத்திருக்கட்டும்.

நான் கேட்பவற்றைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, வார்டுக்கு ஒரு பலகை. வேலைகளின் கணக்கும் வாரக் குடிநீர்ச் சோதனை எண்ணும் அதில் இருக்கட்டும்.

இரண்டு, கூடுதலாக வந்த சொத்து வரி எங்கே போனது என்று வார்டுவாரியாக ஒரு பக்க அறிக்கை.

மூன்று, தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் நேரத்துக்கு ஏற்றபடி குப்பை வண்டி, தண்ணீர், அலுவலக ஜன்னல், ஜீப் நிறுத்த வசதி. அவர்களைக் கேட்டே நேரத்தை வையுங்கள்.

நான்கு, சாக்கடை ஆற்றில் சேரும் இடங்களின் வரைபடமும், ஒவ்வொன்றையும் எப்போது அடைப்பீர்கள் என்ற தேதியும்.

ஐந்து, ஆண்டுக்கு இரண்டு முறை நகராட்சி, மலை ஊராட்சிகள், வனத்துறை, சுகாதாரத் துறை, நெடுஞ்சாலைத் துறை எல்லாம் ஒரே மேஜையில் உட்காரும் கூட்டம். அழைக்கிற உரிமை உங்களுக்கு இல்லை என்றால், மாவட்ட ஆட்சியரைக் கூட்டச் சொல்லி மன்றத்தில் தீர்மானம் போட உரிமை உண்டு.

எங்கள் பங்கும் இருக்கிறது. மக்கும் குப்பையையும் மக்காததையும் பிரித்துக் கொடுப்பது, 2019-லேயே தடையான பிளாஸ்டிக் பையைக் கடையில் கேட்காமல் இருப்பது, அணைப்பிள்ளையாருக்குப் போய்விட்டு வரும்போது கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவது, வரியை நேரத்தில் கட்டுவது, பகுதி சபைக்கு வந்து உட்காருவது. பலகையில் எங்கள் பங்கையும் எழுதுங்கள். இந்தத் தெருவில் எத்தனை வீடு குப்பையைப் பிரித்துக் கொடுத்தது, எத்தனை வீடு வரி பாக்கி என்று போடுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் வெட்கப்படட்டும்.

2027-இல் நீங்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது, எந்தக் கட்சி, எந்தச் சின்னம் என்று நாங்கள் கேட்கத்தான் செய்வோம். அதற்கு முன்னால் பலகையைப் பார்ப்போம். அதில் பாதி வேலை முடியாமல் இருந்தாலும் பரவாயில்லை, ஏன் முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் பேச்சைக் கேட்போம். பலகையே இல்லை என்றால், மற்றதெல்லாம் பேசிப் பயனில்லை. அடுத்த மன்றக் கூட்டத்தில் முதல் தீர்மானமாக இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
போடியில் வரி கட்டும் ஒருவன்